நிகழ்வு ஆய்வு: உணவகக் கூடத்துக்கு மண்பானை ஸ்பீக்கர்

பின்னணி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் பக்கம், தென்னந்தோப்புக்குள் ஒரு மண்பானைச் சமையல் உணவகம். ஓட்டுக் கூரை போட்ட கூடம். நீளம் 40 அடி, அகலம் 24 அடி, இரு பக்கமும் திறந்த திண்ணை. சாப்பாட்டு நேரத்தில் மெல்லிசாகப் பாட்டு ஓட வேண்டும், நடுநடுவே மைக்கில் பார்சல் எண்ணைக் கூப்பிட வேண்டும். கறுப்புப் பெட்டி ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது என்பது உரிமையாளரின் நிபந்தனை. சோறு பானையில் வேகும் இடத்தில் பாட்டும் பானையிலிருந்தே வரட்டும் என்று 6 பானை ஸ்பீக்கர் கேட்டார். அவற்றை உறி கட்டி மேசைகளுக்கு மேலே தொங்கவிட வேண்டும், முகப்பில் பவானி ஜமக்காளத் துணி போர்த்த வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

வேலையை எடுத்தவர் நெடுநாளாக மைக் செட் போடுபவர். குழாய் ஸ்பீக்கரும் பிளைவுட் பாக்ஸும் அவருக்குக் கைப்பழக்கம். பானையில் வேலை செய்தது இதுதான் முதல் முறை.

முதல் முயற்சி

ஒரே அளவு என்று சொல்லி விற்ற 6 பானைகளைச் சந்தையில் வாங்கினார்கள். வீட்டுக்குப் பானை எடுப்பது போலவே ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, கணீரென்று ஒலித்ததை மட்டும் பொறுக்கினார்கள். வயிற்றின் வெளிவிட்டம் ஏறக்குறைய 27 செ.மீ., வாயின் உள்விட்டம் 12 செ.மீ., சுவர்க்கனம் 7 மி.மீ. ஸ்பீக்கர் 4 அங்குல ஃபுல்ரேஞ்ச், 8 ஓம், 15 வாட். அதற்கு 95 மி.மீ. துளை வேண்டும்.

டைல்ஸ் துளைக்கும் வைர விளிம்பு வட்ட ரம்பத்தால் பானை வயிற்றில் துளை போட்டார்கள். 2 பானை அங்கேயே விரிந்துபோயின. முதல் பானைக்குக் காரணம், டிரில்லில் சுத்தியல் ஓட்டம் அணைக்கப்படாமல் இருந்தது. இரண்டாவது பானையைத் தண்ணீர் விடாமல் உலர்வாக வெட்டினார்கள். ரம்பம் சூடேறி, துளை முடிய விரற்கடை தூரம் இருக்கையில் விளிம்பிலிருந்து அடிவரை கீறல் ஓடியது. வளைந்த சுவரில் ரம்பத்தின் இரண்டு ஓரம் மட்டுமே முதலில் படும் என்பதால் அழுத்தம் முழுவதும் அந்த இரண்டு இடத்தில் இறங்கும். மீதி 4 பானைகளில் ஈரமணலை வாய் வரை இறுக்கி, வெட்டும் இடத்தில் காகித டேப் ஒட்டி, சொட்டுத் தண்ணீர் விட்டு மெதுவாக வெட்டினார்கள். நான்கும் தப்பின. சுட்ட பானையை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இதுதான் வழி.

துளைக்கு மேல் ஸ்பீக்கரை வைத்ததும் அடுத்த சிக்கல். பானை சரியான உருண்டையாக இருந்திருந்தால் வட்டத் துளையின் விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்கும், தட்டையான ஃபிரேம் சுற்றிலும் ஒரே சீராக அமரும். ஆனால் பானையின் கிடைமட்ட வளைவும் செங்குத்து வளைவும் வேறு வேறு. பக்கவாட்டில் ஆரம் 13.7 செ.மீ., மேல்கீழாக 10 செ.மீ. அளவு. 11 செ.மீ. ஃபிரேமுக்கு இந்த இரண்டுக்கும் இடையே 5 மி.மீ. வித்தியாசம் வருகிறது. பக்கங்கள் தொட்டால் மேலும் கீழும் விரல்நுனி நுழையும் சந்து. அதை எம்-சீல் வைத்து நிரப்பினார்கள். பானை வாய் திறந்தபடியே இருந்தது. வயர் அதன் வழியாக வெளியே வந்தது. 4 பானைகளையும் தேங்காய்நார்க் கயிற்று உறியில் தொங்கவிட்டு, நான்கையும் பேரலலாக ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தார்கள்.

கவனித்தவை

ஓட ஆரம்பித்து 20 நிமிடத்தில் ஆம்ப் சூடேறி அணைந்தது. 8 ஓம் ஸ்பீக்கர் நான்கு பேரலலாகப் போனால் 2 ஓம். ஆம்ப்பின் முதுகிலேயே குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருக்கிறது. அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை.

ஆம்ப் ஓடிய அந்த 20 நிமிடமும் நன்றாக இல்லை. மைக்கில் ஆண் குரல் பேசினால் ஒரு சொல்லும் பிரியவில்லை. உரிமையாளர் சொன்னது: "ஏனுங்க, குடத்துக்குள்ள உக்காந்து பேசற மாதிரியே இருக்குதுங்களே." இந்தக் குறையை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. பாட்டில் பெண் குரல் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போதெல்லாம் பானை கூடச் சேர்ந்து இழுத்தது. உறியில் பானை மெல்லச் சுழன்று, ஸ்பீக்கர் முகம் ஒரு நேரம் மேசையையும் ஒரு நேரம் சுவரையும் பார்த்தது. ஜமக்காளத் துண்டு போர்த்திய பானையில் சலங்கையும் ஜால்ராவும் அடியோடு காணாமல் போயின.

வேலையை இங்கேயே நிறுத்தி, பானைகளை இறக்கி, ஒவ்வொரு குறையையும் தனித்தனியாக அளந்து பார்த்தது இந்த நிகழ்வில் எடுத்த நல்ல முடிவு. பாஸைக் குறை, ட்ரெபிளைக் கூட்டு என்று ஆம்ப்பின் திருகிலேயே சமாளித்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அப்படிச் செய்திருந்தால் உள்ளே இருந்த குறைகள் அப்படியே நிலைத்திருக்கும்.

அளந்து பார்த்தது

குடத்துக்குள் பேசும் ஒலிக்குக் காரணம் திறந்த வாய். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலி வருகிறதே, திறந்த பானையும் அதே சாதனம்தான். வாயின் பரப்பு, உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு, கழுத்தின் நீளம் ஆகிய மூன்றும் அந்தச் சுருதியைத் தீர்மானிக்கும். பரப்பு 0.0113 ச.மீ., கொள்ளளவு 9 லிட்டர், கழுத்து 4 செ.மீ. கழுத்தின் நீளத்தோடு, இரு முனைக்குமாக மொத்தம் வாய் ஆரத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு சேர்த்தால் செயல்படும் நீளம் 12.8 செ.மீ. ஒலி வேகம் நொடிக்கு 345 மீட்டர் என்று வைத்தால் விடை 172 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிச்சுருதி உலவும் எல்லையில் அது விழுகிறது. பேசுபவரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பானை தம் பிடித்து ஊதிக்கொண்டிருந்தது.

சுரத்தோடு சேர்ந்து இழுத்தது வேறு சங்கதி. அது காற்றின் வேலை இல்லை, சுவர் அதிர்வது. பானையைக் கயிற்றில் தொங்கவிட்டு முட்டியால் தட்டி, ஒலியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் கைபேசிச் செயலியில் பார்த்தபோது 640 ஹெர்ட்ஸ் அருகே கூர்மையாக ஒரு முனை நின்றது. சந்தையில் கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்த்து வாங்கியது சரியா தவறா என்ற கேள்வி இங்கே எழுந்தது. வாங்கியது சரிதான். மந்தமாக ஒலிக்கும் பானையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். ஸ்பீக்கர் ஓடினால் அந்தக் கீறலின் இரண்டு உதடும் உரசிக் கரகரக்கும், அதை எந்தப் பூச்சும் தீர்க்காது. ஆகவே கணீரென்று ஒலிக்கும் பானையைத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அந்தக் கணீரைக் கொல்ல வேண்டும். கடத்துக்கு உயிராக இருக்கும் குணம் ஸ்பீக்கருக்குக் கூடாது.

பானையின் கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி அளக்கவில்லை. சுடுமண் தண்ணீரைக் குடித்துவிட்டால் உலர நாள்கணக்காகும், அதுவரை உள்ளே எதுவும் ஒட்டாது. கம்பு தானியத்தை ஒரு லிட்டர் படியால் கொட்டி அளந்தார்கள். ஒரே அளவு என்று வாங்கியவை 8.1 லிட்டரிலிருந்து 10.3 லிட்டர் வரை இருந்தன.

ஸ்பீக்கரோடு எந்த விவரத்தாளும் வரவில்லை. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, கைபேசியிலிருந்து சுருதி கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் வோல்டேஜ் உச்சம் தொடும் இடத்தைத் தேடினால் வெட்டவெளியில் 80 ஹெர்ட்ஸ். அதையே 5 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தால் 119 ஹெர்ட்ஸ். 119-ஐ 80-ஆல் வகுத்து, இருமடியாக்கி, 1-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கினால் 6 லிட்டர். ஸ்பீக்கர் கோனின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு அது. கோனின் அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்கும் என்பதைக் காட்டும் எண் க்யூ. உச்சத்தின் அகலத்திலிருந்து கணக்கிட்ட மொத்த க்யூ 0.45. ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த பொறியாளர்கள் தீலும் ஸ்மாலும் வகுத்துக் கொடுத்த இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் எந்தப் பாத்திரத்துக்கும் கணக்குப் போடலாம். பானையானாலும் சுரைக்குடுக்கையானாலும் எண்ணெய் டின்னானாலும் காற்றுக்கு ஒன்றுதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

வாயை முழுவதுமாக அடைப்பதா, குழாய் வைத்து பாஸை நீட்டுவதா என்பது முதல் முடிவு. உள்விட்டம் 5 செ.மீ., நீளம் 10 செ.மீ. உள்ள பிவிசி குழாயை வாய்ப்பலகையில் பொருத்தினால் 9 லிட்டர் பானையின் சுருதி 172-லிருந்து 70 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆசையைத் தூண்டும் வழிதான். ஆனால் பானைக்குப் பானை கொள்ளளவு மாறுவதால் அந்த 70 என்பது ஒன்றில் 74 ஆகவும் இன்னொன்றில் 65 ஆகவும் போகும், ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக அளந்து வெட்ட வேண்டும். முழுக்க அடைத்தால் 9 லிட்டரில் 103 ஹெர்ட்ஸ், க்யூ 0.58. 8.1 லிட்டரிலும் 10.3 லிட்டரிலும் வித்தியாசம் 5 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். கையால் வனைந்த பாத்திரத்துக்கு அடைத்த முறைதான் பொருத்தம் என்று முடிவானது. பார்சல் எண் தெளிவாகக் கேட்பதுதான் முதல் தேவை என்பதால் பாஸ் கொஞ்சம் குறைவதில் இழப்பும் இல்லை.

இரண்டாவது, துளையைப் பானை சுடுவதற்கு முன்பே போடுவது. வெட்டி உடைந்த பானைகளோடு குயவரிடம் போனபோது அவர் சொன்னார்: "பச்சையா இருக்கறப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா கத்தியிலயே வெட்டிக் குடுத்திருப்பனுங்களே." ஸ்பீக்கரும் பானையும் வாங்கிய பிறகு கணக்குப் போட்டது, கணக்குப் போட்ட பிறகு குயவரைப் பார்த்தது என்று வரிசை முழுவதும் தலைகீழாக நடந்திருந்தது. 2 உதிரியோடு சேர்த்து 8 பானைகள் புதிதாகச் சொல்லப்பட்டன.

மூன்றாவது முடிவு, தலைக்கு மேல் தொங்கவிடுவதில்லை. பானையும் ஸ்பீக்கரும் பூச்சும் சேர்ந்தால் 5 கிலோவை நெருங்கும். சமையல் ஆவி படும் இடத்தில் நார்க்கயிறு எப்போது இற்றுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உரிமையாளருக்கு மனவருத்தம்தான், இருந்தாலும் ஒத்துக்கொண்டார். சுவரோரத் தூண்களில் 8 அடி உயரத்தில் பலகை அடித்து, அதில் பிரிமணை வைத்து, பானையை 15 டிகிரி முன்சாய்த்து உட்காரவைப்பது என்று தீர்மானித்தார்கள். இதில் ஒலிக்கும் லாபம் உண்டு. 27 செ.மீ. அகலமுள்ள பாத்திரம் நடுக்கூடத்தில் தொங்கினால் ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒலி பின்பக்கமும் பரவி மெலியும். பின்னால் சுவர் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும்.

உருண்டை வடிவத்தை விட்டுவிடலாமா என்ற பேச்சு எழவே இல்லை, எழ வேண்டியதும் இல்லை. ஒலிப்பொறியாளர் ஹாரி ஓல்சன் 1951-இல் பல வடிவப் பெட்டிகளை ஒப்பிட்டு வெளியிட்ட அளவீடுகளில் மிகச் சீரான ஒலியைக் கொடுத்தது கோளம்தான். கூர்மையான ஓரம் இல்லாததால் ஒலி முறிந்து சிதறுவதில்லை. மண்பானை ஸ்பீக்கரை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது தொகுதி

முதலில் சுருக்கம் பார்த்தார்கள். ஈரம் பாதி போய், கத்தி இழுத்தால் ஒட்டாமல் வெட்டுப்படும் பதத்தில் இருந்த களிமண் பட்டையில் 100 மி.மீ. கோடு கீறி, மற்ற பானைகளோடு சூளையில் வைத்தார்கள். வெந்து வந்தபோது கோடு 94 மி.மீ. ஆகவே சுட்டபின் 95 மி.மீ. துளை வேண்டுமானால் பச்சையில் 101 மி.மீ. வெட்ட வேண்டும். 101 மி.மீ. பிளைவுட் வட்டு ஒன்று செய்து குயவரிடம் அச்சாகக் கொடுத்தார்கள். மண்ணுக்கு மண், சூளைக்குச் சூளை இந்த அளவு மாறும். வேறிடத்தில் செய்பவர்கள் தங்கள் குயவரின் மண்ணில் கோடு கீறித்தான் பார்க்க வேண்டும்.

துளையைச் சுற்றி 15 மி.மீ. அகலத்துக்குத் தட்டையான மண் வளையம் ஒன்றையும் களிக்கூழ் தடவி ஒட்டச் சொன்னார்கள். முன்பு எம்-சீல் நிரப்பிய சந்துக்கு இது நிரந்தரத் தீர்வு. 8-இல் ஒரு பானை வளையத்தின் ஓரமாகவே வெடித்து வந்தது. அந்த ஒன்றில் வளையம் சுவரைப்போல் இருமடங்கு கனமாக இருந்தது. கனத்த இடம் மெதுவாகவும் மெல்லிய இடம் வேகமாகவும் காய்ந்தால் இடையில் மண் இழுபடும். இன்னொன்றில் துளை முட்டைவடிவமாகிவிட்டது. காயும் வரை வட்டை உள்ளேயே விட்டால் மண் சுருங்கும்போது அதுவே வெடிக்கவைக்கும். வெட்டியதும் வட்டை எடுத்துவிட்டு, பானையைத் துளைப்பக்கம் மேலே பார்க்கக் கிடத்திக் காயவைப்பதே வழி. மீதி 6 பானையும் நன்றாக வந்தன. வளையத்தின் முகத்தைக் கடப்பாக்கல்லில் உப்புத்தாள் ஒட்டி, அதன்மேல் தேய்த்து மட்டப்படுத்தினார்கள்.

சுட்ட மண்ணில் ஸ்குரூ நிற்காது. 9 மி.மீ. பிளைவுட்டில் வளையம் வெட்டி, துளை வழியே நுழைய அதை இரண்டு அரைவட்டமாகப் பிளந்து, உள்பக்கம் எபாக்ஸியால் ஒட்டினார்கள். மண் வளையத்தில் பச்சையிலேயே போட்டிருந்த 4 சிறு துளைகள் வழியே 4 மி.மீ. போல்ட் போய் அதைப் பிடிக்கும். ஃபிரேமுக்கும் மண்ணுக்கும் நடுவே சைக்கிள் ட்யூப் வாஷர். எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, விரல் பலத்தில் மட்டும் முடுக்க வேண்டும்.

உள்சுவரில் முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு கை. சுடுமண் நுண்துளை கொண்டது, அடைத்த பெட்டியாக வேலை செய்ய அந்தத் துளைகள் மூடவேண்டும். காய்ந்தபின் கார் கதவுக்குள் ஒட்டும் 2 மி.மீ. பிட்டுமன் (தார்) ஷீட்டை 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஹேர் டிரையரால் சூடாக்கி, சுவரில் பாதிக்குமேல் அழுத்தி ஒட்டினார்கள். கை நுழைய வேண்டும் என்பதற்காகவே வாயை 12 செ.மீ. விட்டு வைத்திருந்தார்கள். ஒட்டுமுன் தட்டினால் 'ணங்' என்று நீண்டது, ஒட்டியபின் 'டொக்' என்று நின்றது. செயலியில் 640 அருகே இருந்த முனை மழுங்கி அடங்கியது.

நிரப்ப ஸ்பின்னிங் மில் கழிவுப் பஞ்சு, பானைக்கு 90 கிராம். தூசு காந்த இடுக்கில் புகாமல் இருக்க மல்துணிப் பையில் கட்டி வைத்தார்கள். வாய்க்கு 18 மி.மீ. பிளைவுட் மூடி. பானை வாய் மேல்நோக்கி விரிந்திருப்பதால், ஓரத்தைச் சரிவாக இழைத்த பலகை ஒரு மட்டத்தில் தானே போய் உட்காரும். சுற்றிலும் சிலிக்கான். பலகையில் 2 பித்தளை போல்ட்டே வயர் முனை என்பதால் வயருக்கென்று தனித் துளை கிடையாது. அதற்கு மேலே சாதாரண மண்மூடி கவிழ்த்தால் பார்ப்பவர்களுக்கு அது வெறும் பானைதான்.

காற்றுக்கசிவுக்கு இரண்டு சோதனை. கோனை இரண்டு விரலால் சமமாக அழுத்தி விட்டால் மெதுவாகத் திரும்ப வேண்டும், வெடுக்கென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. பிறகு 40 ஹெர்ட்ஸ் சுருதியை மெல்ல ஓடவிட்டு, இணைப்புகளின் ஓரமாக ஊதுபத்தியை நகர்த்தினால் கசியும் இடத்தில் புகை துடிக்கும். ஒரு பானையில் போல்ட் தலையடியில் துடித்தது. அதற்கு ரப்பர் வாஷர் போட்டதும் நின்றது.

ஜமக்காளம் வேண்டும் என்பதில் உரிமையாளர் உறுதியாக இருந்தார். துணியை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். மூச்சு முட்டியது. மூச்சு சிரமமின்றிப் போகாத துணியில் ட்ரெபிளும் போகாது. முகப்புக்குக் கரூர் கொசுவலைத் துணி, சுற்றிலும் பட்டையாக ஜமக்காளக் கரை என்று இரு தரப்புக்கும் ஒத்துவந்தது.

இணைப்பில் இரண்டிரண்டாகத் தொடரில் சேர்த்து, அந்த மூன்று ஜோடிகளைப் பேரலலாகக் கொடுத்தார்கள். மொத்தம் 5.3 ஓம். எல்லாவற்றுக்கும் ஒரே மோனோ ஒலி. முனைகளை 1.5 வோல்ட் பேட்டரியால் தொட்டு, கோன் வெளியே வரும் பக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு ஸ்பீக்கரில் தொழிற்சாலைக் குறியே மாறியிருந்தது இதில்தான் தெரிந்தது.

பின்னர் நடந்தது

பார்சல் எண் திண்ணைக் கடைசி மேசை வரை தெளிவாகப் போனது. ஆம்ப் முழு நாள் ஓடியும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. ஆடி மாதச் சாரலுக்குப் பிறகு, மேற்குத் திண்ணையை ஒட்டியிருந்த பானையில் பூஞ்சை வாடை வந்தது. திறந்தால் பஞ்சுப் பை ஈரம். வெளிச்சுவரில் பூச்சு எதுவும் இல்லாததால் சாரல் ஊறி, பிட்டுமன் ஒட்டாத பகுதிகளில் உள்ளே கசிந்திருந்தது. கோனுக்குச் சேதமில்லை. அந்தப் பானையில் பஞ்சை எடுத்துவிட்டுத் தலையணைக்குப் போடும் ரெக்ரான் செயற்கைப் பஞ்சை வைத்தார்கள். நாளடைவில் மற்ற ஐந்திலும் அப்படியே மாற்றினார்கள். வேறொரு பானையின் வளையத்தில் மயிரிழைக் கீறல் தென்பட்டது. அதில் யாரோ ஸ்குரூடிரைவரால் போல்ட்டை இறுக முடுக்கியிருந்தார்கள். எபாக்ஸி தடவி ஓட்டுகிறார்கள், இதுவரை கரகரப்பு இல்லை.

முதல் முயற்சியில் தப்பிய 4 பானைகளில் இரண்டுக்கு வாயடைத்து, பிட்டுமன் ஒட்டிக் கேட்டுப் பார்த்தார்கள். குடத்து ஒலி போய்விட்டது. எம்-சீல் விளிம்பு மட்டும் சீராக இல்லாததால் ஊதுபத்திச் சோதனையில் மூன்று முறை தோற்றது.

அடுத்த முறை மாற்றுவது

ஸ்பீக்கரை வாங்கி, அளந்து, கொள்ளளவு கணக்கிட்ட பிறகே குயவரிடம் போவது. மண் வளையத்தின் கனம் சுவர்க்கனத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பது, 6 வேண்டுமென்றால் 9 சொல்வது. நிரப்ப முதலிலிருந்தே ரெக்ரான். சாரல் படும் பக்கத்துப் பானைகளுக்கு வெளியிலும் நிறம் மாற்றாத மேட் வார்னிஷ் ஒரு கை. போல்ட்டுக்குச் சாதாரண நட் போடாமல் கையால் திருகும் சிறகு நட்டை உள்பக்கம் வைக்கலாமா என்று பேசிப் பார்த்தார்கள். அடைத்த பானைக்குள் கை போகாது என்பதால் அது ஒத்துவராது. அதற்குப் பதில் போல்ட் தலைமேல் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்து, "முடுக்க வேண்டாம்" என்று மூடிப் பலகையில் எழுதிவிடுவது என்று முடிவு. சுருக்கம் பார்த்த 101 மி.மீ. வட்டு குயவர் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த ஆர்டருக்கும் அதையே எடுப்பதாக இருந்தால் மண் அதே ஏரி மண்ணா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.